மூக்கைத் தேடிப் போன ஞாயிறுகள்

எங்களுக்கு வாரக் கடைசி என்பது ஞாயிறு மத்தியானம் தொடங்கித் திங்கட்கிழமை சாயங்காலம் முடிவது. என் கணவர் இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தேயிலையின் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருந்தார். சனிக்கிழமை பறித்த கொழுந்து இரவெல்லாம் தொழிற்சாலை மேல்மாடியில் கிடந்து வாடி, ஞாயிறு காலையில்தான் தேயிலையாகும். ஞாயிறன்று கொழுந்து பறிப்பதில்லை. திங்களன்று பறித்தது செவ்வாய் விடியற்காலைதான் இயந்திரத்துக்கு வரும். இடையில் இருக்கும் பொழுதுதான் எங்களுடையது. மற்றவர்கள் திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஓடும்போது நாங்கள் ஏதாவது ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டிருப்போம்.

எழுபதுகளின் கடைசியில், ஒரே ஆண்டின் முதல் பாதியில், நாங்கள் இப்படி அடிக்கடி வெளியே போனோம். அதற்கு முன்பு தீபாவளிக்குத் துணி எடுக்கப் பதுளைக்குப் போவதோடு சரி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நான் தையல் இயந்திரம் வைத்து மற்ற உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துக்கொடுப்பேன். எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம், மழையா வெயிலா என்று அன்றன்றே எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் இப்போதும் ஊரையும் சாப்பாட்டையும் வரிசை மாறாமல் சொல்ல முடிகிறது.

பக்கத்து வீட்டில் இருந்த கிளாக்கரின் மனைவிக்கு எங்கள் பயணங்கள் பெரிய வேடிக்கையாக இருந்தன.

"என்னக்கா, புதுசாக் கல்யாணம் கட்டுனவங்க மாதிரி வாரா வாரம் சோடி போட்டுக்கிட்டுக் கெளம்பிடுறீங்க? எங்க வீட்டு ஆளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்களேன்."

நான் சிரித்து மழுப்பிவிட்டுப் போவேன். உண்மையை அவளிடம் சொல்ல முடியாது. என் கணவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்பதுதான் அந்த உண்மை.

அந்த ஆண்டு தை மாத மழையில் அவருக்குக் கடும் சளியும் காய்ச்சலும் வந்தன. காய்ச்சல் விட்டது, இருமல் நின்றது, உடம்பும் தேறியது. வாசனை மட்டும் திரும்பவில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, உறைப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. ஆனால் நான் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கப் புகை நிறைந்திருக்கும்போது உள்ளே வந்து, "என்ன, அடுப்பு புகையுதா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் முழுதாக விளங்கியது.

வேறு யாருக்காவது இது வந்திருந்தால் சாப்பாட்டில் ருசியில்லை என்பதோடு போயிருக்கும். டீமேக்கருக்கு மூக்குத்தான் உத்தியோகம். உருட்டி எடுத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்க வைத்திருப்பார்கள். முதலில் அதில் வெட்டிய புல்லின் பச்சை வாடை அடிக்கும். கொஞ்சங்கொஞ்சமாக அது மாறிப் பழம் பழுத்த மாதிரி ஒரு வாசம் எழும். அந்த நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேயிலை கசக்கும், பிந்தினால் சப்பென்று போய்விடும். கடிகாரமும் வெப்பமானியும் இருக்கின்றனதான். ஆனால் மழை நாளில் ஒரு கணக்கு, காற்று நாளில் ஒரு கணக்கு. கடைசியில் குனிந்து முகர்ந்து பார்த்து "போடு" என்று சொல்கிறவர் டீமேக்கர். அவருடைய மூக்கு போனால் வேலை போகும், வேலையோடு நாங்கள் குடியிருந்த குவாட்டர்ஸும் போகும். எங்களுக்குச் சொந்தமாக வேறு கூரை கிடையாது.

ஆகவே நாங்கள் ஒரு வழி செய்துகொண்டோம். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோருக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சரிவுதான். விடியற்காலையில், பால் ஊற்றாத பிளேன்டீ குடிக்க வருவதுபோல் வீட்டுக்கு வருவார். கால்சட்டைப் பையில் கைக்குட்டைக்குள் ஒரு பிடி கொழுந்து இருக்கும். நான் அதைப் பிரித்து முகர்ந்து பார்த்து, "இன்னும் பச்சையா இருக்கு" அல்லது "இப்பப் போடலாம்" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாசம் ஏறிய சட்டைகளைத் துவைத்தவள் நான். எனக்கு அது தெரியும். என்றாலும் ஒவ்வொரு நாளும் அவர் திரும்பிப் போன பிறகு, சரியாகச் சொன்னேனா என்ற பயம் அன்று முழுவதும் கூடவே இருக்கும். எனக்குச் சளி பிடித்துவிடக் கூடாதென்று வெயில் இருக்கிற நாளில் மட்டும்தான் தலை முழுகினேன்.

ஒரு திங்கட்கிழமை பதுளையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"இதுக்கு மருந்தெண்டு ஒண்டும் இல்லை. வரும், வராமலும் விடும். கனக்க யோசியாதேங்கோ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "லீவு நாளிலை அந்தத் தேயிலைத் தூசிக்குள்ளை இவரை வைச்சிருக்காதேங்கோ. வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ. வேறை வேறை சாப்பாடு சாப்பிடட்டும். மூக்கு எதுக்கு முழிக்கும் எண்டு ஆர் கண்டது?"

அன்றைக்கே தொடங்கினோம். பதுளை கடைவீதியில் ஒரு முஸ்லிம் கடையில் பராட்டாவும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டோம். கறியில் இஞ்சியும் கறுவாவும் போட்டு நல்லெண்ணெய் நிறத்தில் எண்ணெய் மிதந்தது. கடைசியில், தேங்காய்ப்பாலும் வெல்லமும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. அவர் ஒரு கரண்டி வாயில் போட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலக்காய் தூக்கலா இருக்கு" என்றார்.

"தெரியுதாங்க?"

"தெரியுது, தெரியுது. லேசாத் தெரியுது."

பஸ் பசறை தாண்டி ஏறும்வரை எனக்குக் கால் தரையில் இல்லை. ஆனால் செவ்வாய் விடியற்காலை அவர் மறுபடியும் கைக்குட்டையோடு வந்து நின்றார்.

"ஏங்க, வாசம் வந்துருச்சின்னு சொன்னீங்களே?"

"அது சாப்பாட்டு வாசம் புள்ள. இது வேற."

நான் அதையும் நம்பினேன்.

அடுத்தடுத்த வாரங்களில் எல்ல பக்கம் போய்ப் பலாக்காய்க் கறியும் சோறும் சாப்பிட்டோம். அப்புத்தளைக் குளிரில் சுடச்சுட உளுந்துவடை தின்றோம். ஒவ்வொரு தடவையும் அவர் ஏதாவது ஒரு வாசத்தின் பெயரைச் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் எழுதிவைத்து மகிழ்ந்தேன்.

உண்மை பண்டாரவளையில் வெளிப்பட்டது. ஞாயிறு இரவு ஒரு சின்ன விடுதியில் தங்கிவிட்டுத் திங்கள் காலையில் கடைத்தெருவில் இடியப்பம் சாப்பிட்டோம். சொதி, தேங்காய்ச் சம்பல். அவர் சம்பலைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, "மாசி நல்லா வாசமா இருக்கு" என்றார்.

என் தட்டிலிருந்த சம்பலில் மாசிக் கருவாடு இல்லை. நான் இன்னொரு தடவை பிசைந்து பார்த்தேன். இல்லவே இல்லை. பரிமாறிக்கொண்டிருந்த முஸ்லிம் கடைக்காரரை, அண்ணனைச் சொல்வதுபோல் நானா என்று கூப்பிட்டு, சம்பலில் மாசி போட்டீர்களா என்று கேட்டேன்.

"மாசி விக்கிற வெலைக்குப் போட ஏலுமா தங்கச்சி? மிளகாயும் வெங்காயமும் எலுமிச்சம்புளியும் மட்டுந்தான். ஏன், நல்லமில்லையா?"

"இல்ல நானா, நல்லாத்தான் இருக்கு" என்றேன். என் கணவர் தலையைக் குனிந்து இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

புகையிரத நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தோம். கடைசியில் அவர்தான் ஆரம்பித்தார்.

"இப்ப என்னாங்குறே?"

"வட்டிலப்பமும் பொய்தானே? அப்புத்தளை வடையும் பொய்தானே?"

"வடைக்கு வெங்காயம்னு சொன்னேன். எந்த வடையில வெங்காயம் இல்ல?"

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "என்கிட்ட ஏன் பொய் சொல்லணும்?" என்று கேட்டேன்.

"நான் ஒரு வாய் எடுத்து வச்சா நீ மூஞ்சியையே பாக்குற. பரீட்சை எழுதின பையன் ரிசல்ட்டு வருமா வருமான்னு பாக்குற மாதிரி. ஒண்ணும் தெரியலன்னு சொன்னா உன் மூஞ்சி போற போக்கை நான் எப்பிடிப் பாக்குறது? அப்பறம் பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் நீ பேச மாட்டே. அதுக்கு ஏலக்காய்னு சொல்லிட்டுப் போயிரலாம்னு பாத்தேன்."

வண்டி வந்தது. தெமோதரை வரையில் நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மருந்து கொடுக்கிற மாதிரி நான் அவருக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்த ஊர்ச் சாப்பாட்டையும் நான் சாப்பிடவில்லை. அவர் முகத்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பதுளையில் இறங்கியதும், "இனிமே கேக்க மாட்டேன். மூஞ்சியையும் பாக்க மாட்டேன். ஆனா நீங்களும் தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாது" என்றேன்.

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா. அந்த இடியப்பம் நூல் நூலா நல்லா இருந்துச்சி. அது உண்மை."

அதற்குப் பிறகு நாங்கள் போன பயணங்கள்தான் எனக்குப் பயணமாக மனதில் நிற்கின்றன. கொஸ்லந்தையில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஞாயிறு இரவு அவள் வீட்டில் படுத்துவிட்டு, மறுநாள் காலையில் பஸ்ஸில் வெல்லவாயாவுக்கு இறங்கினோம். மலையிலிருந்து இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. நான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். வழியோரக் கொட்டிலொன்றில் எருமைத் தயிரைச் சட்டியோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். அதன் மேல் கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாணியை ஊற்றிக் கொடுத்தாள் அந்தக் கடைக்காரப் பெண். பாணியில் விறகுப் புகை வாசம் இருந்தது. நான் அவரைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு, ஒரு சட்டியின் பாதியை நிதானமாகச் சாப்பிட்டேன்.

"குளிர்ச்சியா இருக்கு. வழவழன்னு இருக்கு. இனிப்பு இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார் அவர், நான் கேட்காமலே.

"புகை வாசம் இருக்கு. நான் உங்களுக்கும் சேத்துச் சாப்பிடுறேன்."

"சாப்பிடு, சாப்பிடு. பஸ்ஸுல வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்தா என்னைச் சொல்லாதே."

அவித்த சோளமும் வாங்கிக்கொண்டோம். உப்புத் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது அவர் தூங்கிவிட்டார். அவ்வளவு நாளாக அவரும் என் முகத்தைப் பார்த்துக் களைத்துத்தான் போயிருக்க வேண்டும்.

ஆனால் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊவாப் பக்கத்தில் ஆனி முடிந்து ஆடி பிறக்கும்போது வறண்ட காற்று வீசத் தொடங்கும். அந்தக் காற்று மாதங்களில் வருகிற தேயிலைக்குத்தான் கொழும்பில் மதிப்பு. அப்போது ஸ்டோரில் எல்லார் கண்ணும் டீமேக்கர் மேல் இருக்கும். அந்த ஆண்டு தோட்டத்து மேலாளரான தொரை ஒருபடி மேலே போனார். அவர் சிங்களவர், தோட்டத்துக்கு வந்து பழகிய தமிழில் பேசுவார்.

"டீமேக்கர், இந்த சீசன் நான் தினம் காலையில வரும். கோப்பை எல்லாம் வரிசையா வை. எது நல்லதுன்னு நீ மொதல்ல சொல்லு, நான் பொறகு சொல்லும். செவ்வாய்க்கிழமை ஆரம்பம்."

என் கணவர் அதை வீட்டில் வந்து சொன்னபோது நான் ஒரு கவுனுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியை நிறுத்திவிட்டேன். தொரை பக்கத்தில் நிற்கும்போது கைக்குட்டையோடு வீட்டுக்கு வர முடியாது. கோப்பையிலிருக்கும் தேநீரை நான் முகர்ந்து சொல்லவும் முடியாது.

"இந்த ஞாயித்துக்கெழம எங்கயும் போவேணாம். வீட்டுல இருந்து என்ன செய்யிறதுன்னு யோசிப்பம்" என்றேன்.

"வீட்டுல இருந்தா மட்டும் என்ன யோசிக்கப் போறோம்? பிபிலைக்குப் போவோம். தோடம்பழம் திம்போம்" என்றார்.

போனோம். லுணுகலையில் பஸ் மாறி, ஞாயிறு பின்னேரம் பிபிலையில் இறங்கினோம். தோடம்பழம் என்று நாங்கள் சொல்கிற ஆரஞ்சுக்கு அது காலம் இல்லை என்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது. இரவு ஒரு விடுதியில் புழுக்கத்தில் புரண்டுவிட்டு, திங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு கடைக்குள் நுழைந்தோம். முன்பக்கம் பலசரக்கு, பின்பக்கம் சாப்பாட்டு மேசைகள். கடைக்காரர் நடுத்தர வயது முஸ்லிம், வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, குளத்து மீன் குழம்பு, பாவற்காய்ச் சம்பல். பக்கத்து மேசையில் ஒரு லொறி டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல என் கணவரைப் பார்க்காமல் சாப்பிட்டேன். மனம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை இருந்தது. மீன் நன்றாக இருந்ததென்று நினைக்கிறேன்.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சோத்துல மண்ணெண்ணெய் வாடை அடிக்குது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சத்தியம் செய்துவிட்டு, நாளை விடிந்தால் தொரை வரப்போகிற நேரத்தில், என்னைத் தேற்றுவதற்கு மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். நான் பாதிச் சோறு சாப்பிட்டிருந்தேன். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை.

"வேணாங்க" என்றேன் மெதுவாக.

"என்னா வேணாம்? அடிக்குதுங்குறேன்."

கடைக்காரர் வந்துவிட்டார். "என்ன ஐயா, மண்ணெண்ணெயா? எங்க வாப்பா காலத்துல இருந்து நடக்கிற கடை இது. ஒரு மனிசன் இப்பிடிச் செல்லல்ல."

டிரைவர் கையை உதறிக்கொண்டு சொன்னார்: "நானா, நான் ரெண்டாந்தரம் சோறு வாங்கித் தின்னுட்டேன். இப்ப ஒரு தீக்குச்சி கிழிச்சா நான் பத்திக்குவேனா?"

கடைக்காரருக்குக் கோபம் ஏறியது. "ஐயாக்குச் சோறு புடிக்கலன்னா புடிக்கலன்னு செல்லுங்க. வாடைன்னு செல்லி என்ட யாவாரத்தக் கெடுக்காதீங்க."

"அரிசி மூட்டையை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் இவர்.

"ஏன், உள்ளுக்குத்தான்."

"வாங்க பாப்பம்."

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் எழுந்து போய்விட்டார். நானும் பின்னால் போனேன், டிரைவரும் கழுவாத கையோடு வந்தார். உள்ளே இருட்டறை. அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. மேலே பலகைத் தட்டில் விளக்குக்கு விற்கிற மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. கடைக்காரர் வாசல் கதவை முழுக்கத் திறந்தார். தகரத்தின் அடியிலிருந்து சுவரோடு ஒரு ஈரக்கோடு இறங்கி, அவிழ்த்து வைத்திருந்த மூட்டையின் ஓரத்தில் முடிந்திருந்தது. கடைக்காரர் அதை விரலால் தொட்டு மூக்கில் வைத்தார்.

"யா அல்லாஹ்" என்றார்.

நான் அந்த மூட்டையில் ஒரு பிடி அரிசியை அள்ளி முகத்தோடு வைத்துப் பார்த்தேன். இருந்தது. சன்னமாக, உற்று முகர்ந்தால்தான் தெரிகிற மாதிரி. அதற்கு முன்பு என் கணவர் அந்த அறையைப் பார்த்ததில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சத்தியத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவரும் அப்போதுதான் தான் சொன்னதை உணர்ந்தவர்போல் வாயைத் திறந்தபடி நின்றார்.

"எனக்கு அடிச்சிச்சி" என்றார். "நெசமாவே அடிச்சிச்சி புள்ள."

நான் கையிலிருந்த அரிசியோடு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைக்காரர் பயந்துபோனார்.

"தங்கச்சி, வயித்தால ஏதும் செய்யுதா? டொக்டரக் கூப்பிடவா?"

"இல்ல நானா, நீங்க நல்லா இருக்கணும்" என்றேன். "உங்க கடையும் நல்லா இருக்கணும்."

கடைக்காரர் டிரைவரைப் பார்த்தார். "சோத்துல மண்ணெண்ணெய் போட்டுக் குடுத்ததுக்கு இவ்வளவு சந்தோசப்பட்ட மனிசர நான் கண்டதில்ல."

"எனக்கு ஒரு சந்தோசமும் இல்ல நானா" என்றார் டிரைவர்.

கடைக்காரர் எங்களுக்கு வாழைப்பழமும் பிளேன்டீயும் கொடுத்து, எவ்வளவு சொல்லியும் காசு வாங்க மறுத்துவிட்டார். என் கணவர் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்து நெடுநேரம் மூக்குக்கு நேரே பிடித்திருந்தார். கேட்பதில்லை என்று சொல்லியிருந்ததால் நான் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் வருது" என்றார். "முழுசா இல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுற மாதிரி. ஆனா வருது."

திரும்பும் பஸ்ஸில் அவர் சும்மா வரவில்லை. முன் சீட்டில் ஒருவர் வைத்திருந்த கருவாட்டுப் பை, பக்கத்தில் நின்றவரின் தலை எண்ணெய், டீசல் என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். கருவாட்டுக்காரர் திரும்பி, "ஐயா காரு வாங்கி ஓட்டிக்கிட்டுப் போறதுதானே?" என்று கேட்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அந்தக் கருவாட்டு வாடை எனக்கும் தாங்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

செவ்வாய் விடியற்காலை அவர் வீட்டுக்கு வரவில்லை. வெளிச்சம் வந்த பிறகு தொரையின் ஜீப் ஸ்டோர் முற்றத்தில் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் கோதுமை ரொட்டிக்கு மாவு பிசைந்து, தட்டி, கல்லில் போட்டேன். கையும் மாவும் என்ன செய்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. முகரத் தெரிந்தால் மட்டும் போதாது, நல்லதையும் அதைவிட நல்லதையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற பேச்சில் எவ்வளவு விளங்கும்?

ஜீப் போனது. கொஞ்ச நேரத்தில் சரிவில் அவர் காலடி கேட்டது. நான் வாசலுக்கு ஓடினேன்.

"தொரை என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"நான் மூணாவது கோப்பையக் காட்டினேன். அவரு எல்லாத்தையும் உறிஞ்சித் துப்பிட்டு, அதையேதான் காட்டுனாரு. அப்பறம் கெழக்கு மலைக் கொழுந்து முத்தலா வருதுன்னு கங்காணியத் திட்டிட்டுப் போயிட்டாரு."

"நீங்களாத் தெரிஞ்சி சொன்னீங்களா? இல்ல, குருட்டாம்போக்குல…"

"பாதி தெரிஞ்சிச்சி, பாதி பழக்கம். இன்னும் ரெண்டு வாரம் போனா முழுசாத் தெரியும். பயப்படாதே" என்றவர், சட்டென்று தலையை நிமிர்த்தி மூக்கைச் சுருக்கினார். "உள்ள என்னமோ கருகுது."

வாசலில் நின்ற எனக்கு எதுவும் தெரியவில்லை. அடுப்படிக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். ரொட்டி கல்லோடு கரியாகியிருந்தது. அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு, அடுத்த ரொட்டிக்கு மாவைத் தட்டினேன்.